பீலியிலிருந்து எத்தனை காம்பரா

வண்டி நின்றுவிட்டது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நின்ற இடத்தைப் பற்றித்தான் பேச்சு.

தண்ணீர் விழும் பீலியோரமாக நின்றிருக்க வேண்டிய கார் அது. பீலியைத் தாண்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முதல் மூன்று வாசல்களையும் தாண்டி, நாலாவது காம்பராவின் முன்னால் ஜெயலெட்சுமி உலரப் போட்டிருந்த மிளகாய்ப் பாயில் முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டு நின்றது. நின்ற வேகத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சினும் அணைந்தது. ஜீவராணி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இடது பக்க ஆசனத்தில் அவளுடைய கணவர் வீரசிங்கம், மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"என்ன மிதி மிதிக்கிற நீ. எருமை தோத்துப் போகும்."

"நான் இன்னும் மிதிக்கவே இல்லைங்க."

"மிதிக்காம வண்டி நிக்குமா?"

 கால் பிரேக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது ஜீவராணிக்கு நினைவிருக்கிறது. போய்ச் சேர்ந்தது நினைவில்லை.

ஜெயலெட்சுமி வெளியே வந்து பாயைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு லயத்தின் கோடிவரை கேட்கும்படி அன்றைய செய்தியை வாசித்தாள்.

"இன்னைக்கு நாலு காம்பரா."

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வாகனம் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்துக்கு அப்போது வழங்கிய அளவை அதுதான். வீரசிங்கம் பீலியடியில் கட்டளையைத் தொடங்குவார். அங்கிருந்து வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அத்தனை காம்பரா. பக்கத்து டிவிசனிலிருந்து வருகிறவர்கள்கூட, மழை எப்படி என்று கேட்பதற்கு முன்னால் இன்றைக்கு எத்தனை காம்பரா என்றுதான் விசாரித்தார்கள்.

ஜீவராணிக்கு இது விளையாட்டு அல்ல. அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பானவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்கிற குழந்தைகள் அவள் முகத்தைக் கண்டால் அழுகையை நிறுத்துவார்கள். நிறுத்தும் கலை அவளுக்குப் புதிதில்லை. இப்போது மூன்று டிவிசன் மடுவங்களையும் மேற்பார்வை செய்யும் பதவி காலியாகி, அவளைத் தேடி வந்திருந்தது. சொந்த வண்டி வேண்டும், கையில் லைசன்ஸ் வேண்டும், இரண்டும் மாதக் கடைசிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் பதவி யசோதினிக்கு. யசோதினி நல்ல பிள்ளைதான். குழந்தைக்குத் துணி மாற்றுவதைக்கூட ஜீவராணியிடம் பழகிய பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் ஒரு ஸ்கூட்டியும் லைசன்ஸும் இருந்தன. அவளிடம் போய் லீவு கேட்டு நிற்பதை நினைத்தாலே ஜீவராணிக்கு நெஞ்சு எரிந்தது.

காரை வாங்கியது பதுளை பசாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஜுனைதீன் முதலாளியிடம். எஞ்சினைத் திறந்து பார்க்கலாமா என்று ஜீவராணி கேட்டாள். வீரசிங்கம் அதற்குள் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். சன்னலுக்குத் திரைச்சீலை, கைக்கெட்டும் இடத்தில் சாம்பல் தட்டு, காலடியில் தடித்த தும்பு விரிப்பு, விரிப்பின் நடுவே பாதம் பதிக்க வாகாய் ஒரு மேடு, சாய்ந்துகொள்ள மெத்தென்ற முதுகுப்புறம். கனவான்கள் ஏறிய வாகனம் என்று தீர்ப்பளித்தார். அதோடு வியாபாரம் முடிந்தது.

வீரசிங்கத்திடம் இளமையில் எடுத்த லைசன்ஸ் ஒன்று உண்டு. ஆனால் அவர் ஓட்டுவதில்லை. வண்டி ஓட்டுவது டிரைவர் வேலை, ஓட்டச் சொல்வது உத்தியோகத்தர் வேலை என்பது அவர் கொள்கை. பதுளையில் வண்டி பழக்கும் லேர்னர்ஸுக்குப் போய்ப் பழகுகிறேன் என்று ஜீவராணி கெஞ்சியதை, தம் குடும்ப கௌரவத்தின் மேல் விழுந்த கல்லாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் வெளிவேலைகளை மேற்பார்வை செய்யும் பெரிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் நின்று வேலை பிரித்துக் கொடுத்து ஆகிவந்த குரல். இன்னார் இந்த மலைக்குப் போங்கள் என்று முடிகிற விஷயத்தை, மேலும், அத்துடன், அன்றியும் என்று கோத்துக்கொண்டு போவார். வசனம் எங்கே முடிகிறதென்று ஜனங்களுக்குப் பிடிபடாது. அவருடைய வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வசனம் முடிந்ததும் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். மிதி விழுந்தால் பேச்சு முடிந்தது, கூடையைத் தூக்கலாம். அவர் ஓய்வு பெற்றார். கால் ஓய்வு பெறவில்லை. வீட்டில் சோற்றைப் போடு என்றாலும் முடிவில் ஒரு மிதி. குவார்ட்டர்ஸின் பலகைத் தரையில் அலுமாரிக் கோப்பைகள் எல்லாம் ஒருமுறை சலசலத்து அடங்கும்.

நாலு காம்பரா செய்தி பரவிய அன்று மாலையே அவர் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார். வாகனம் நிற்கும் தூரம் என்பது இரண்டு தூரங்கள் சேர்ந்தது என்று ஜீவராணிக்கு விளக்கினார். ஆபத்தைக் கண்ட கண் மூளைக்குச் சொல்லி, மூளை காலுக்குச் சொல்லும்வரை வண்டி ஓடுவது எதிர்வினைத் தூரம். பிரேக் பிடித்த பிறகும் ஓடுவது தடுப்புத் தூரம். மழை பெய்தால் இரண்டாவது நீளும். மூளை மந்தமானால் முதலாவது நீளும். இந்த இடத்தில் மனைவியைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார்.

"அதனால இனிமே நீ யோசிக்காத. யோசிக்கிறத நான் பாத்துக்கிறேன். என் கட்டளை முடியிற வரைக்கும் பிரேக் பக்கம் ஒன் கால் போகக் கூடாது. அப்ப முதல் தூரம் சுத்தமா இல்லாமப் போயிரும்."

"நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி ஓடிக்கிட்டுத்தானங்க இருக்கும்?"

"யோசிக்காதேன்னு இப்பதான் சொன்னேன்."

மறுநாள் பீலியடியில் வீரசிங்கம் வாயைத் திறந்தார். "எதிரே தென்படும் நீர்ப்பீலியைக் கருத்திற்கொண்டும், பின்னால் வரக்கூடிய வாகனங்களுக்கு யாதொரு இடையூறும் நேராவண்ணமும், நமது வாகனத்தை இவ்விடத்திலேயே நிறுத்துவாயாக." ஒரு மிதி.

இவ்விடம் என்று அவர் குறிப்பிட்ட இடம் அதற்குள் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. ஆறாவது வாசலில் கோழிக்கூட்டின் கதவை முட்டித் திறந்துவிட்டு வண்டி குலுங்கி நின்றது. கோழிகள் பிரேக் பிடிக்கிற இனமில்லை. தேயிலைக்குள் ஓடிய கோழிகளைப் பிடித்து முடிக்க அன்று மத்தியானமாகிவிட்டது. ஜீவராணி மடுவத்துக்குத் தலையில் கோழியிறகோடு போனாள்.

லயத்தில் ஆட்டோ வைத்திருக்கும் சுரேஸ்தான் வழி சொன்னான். ஐயா நீளமாகச் சொல்வதுதான் சிக்கல், 'பிரேக்' என்று ஒரே சொல்லாகச் சொன்னால் போதும் என்றான். வீரசிங்கம் முகத்தைச் சுளித்தார். தமிழில் சொல்லில்லாமலா போய்விட்டது என்றார். சுரேஸ் விடவில்லை.

"பாஷையில என்னங்க ஐயா இருக்கு. நாங்க ரிவர்ஸ் எடுக்க 'எண்ட எண்ட'ங்கிறோம். 'ஹரி'ன்னா நின்னுருவோம்."

"ஹரின்னா சிங்களத்துல சரின்னு அர்த்தம்டா. சரின்னு சொன்னா நிக்கிறது எந்த ஊர் நியாயம்?"

"இந்த ஊர் நியாயந்தான் ஐயா."

வாதாடிக் களைத்து, கடைசியில் 'நிறுத்துக' என்ற ஒற்றைச் சொல்லுக்கு வீரசிங்கம் இறங்கி வந்தார். நாலு வரி ஆளுக்கு இது பெரிய இறக்கம். மறுநாள் காலை பீலியடியில், இறங்கிய குறையை ஈடுகட்டும் கம்பீரத்தோடு அந்தச் சொல்லைச் சொல்லி, வழக்கத்தைவிட ஓங்கி மிதித்தார். வண்டி அடித்த ஆணி மாதிரி நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி முன்கண்ணாடியில் போய் மோதிவிட்டு வந்தது. ஜீவராணியின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. பயன் பார்க்கப் பின்னாலேயே வந்த சுரேஸின் ஆட்டோ, காரின் பின்புறத்தில் மூக்கைக் கொடுத்து நின்றது. அவன் ஏற்றி வந்த மா மூட்டை ஒன்று வெடித்து, ஆலோசனை சொன்னவன் வெள்ளையாக இறங்கினான்.

"இன்னைக்குப் பீலியே," என்று ஜெயலெட்சுமி அறிவித்தாள்.

"நான் மிதிக்கலைங்க," என்றாள் ஜீவராணி. நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "சத்தியமா என் கால் மேல எழும்பவே இல்ல."

வீரசிங்கம் இந்தத் தடவை கோபப்படவில்லை. யோசித்தார். அவர் யோசித்த நாட்களில் தோட்டத்துக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஒனக்குத் தெரியாமலே மிதிக்கிற," என்றார் மெதுவாக. "என் சொல்லு ஒன் மூளைக்குப் போகாம நேரா காலுக்குப் போகுது."

அன்று முழுவதும் மடுவத்தில் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டே ஜீவராணி தன் வலது காலை அடிக்கடி குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்த கால். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படி நடந்துகொள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வீரசிங்கம் சோதனையில் இறங்கினார். 'நிறுத்துக' என்றால் பீலி. 'வாகனத்தை நிறுத்துக' என்றால் முதல் காம்பரா. 'நமது வாகனத்தை இக்கணமே நிறுத்துக' என்றால் இரண்டாவது. சொல்லைக் கூட்டினால் தூரம் கூடியது, குறைத்தால் குறைந்தது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் அணைந்து வண்டி குலுங்கியது என்பது உண்மைதான். அது மாணவியின் குறை, விதியின் குறை அல்ல என்றார். 'சொல்தூர விதி' என்று பேரும் வைத்தார். கோயில் கூட்டத்தில் அதை விளக்கினார். மரண வீட்டில், பெட்டியை எடுக்கக் காத்திருந்தவர்களுக்கு விளக்கினார். பாயை உள்ளே எடுத்து வைப்பதா வெளியே விடுவதா என்று ஜெயலெட்சுமி அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

ஜீவராணிக்குத் தலை வெடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பதுளையில் லைசன்ஸ் பரீட்சை. அங்கே யார் வந்து வசனம் சொல்வார்கள்?

"ஒரு நாளாவது நீங்க பேசாம இருங்க. நானாப் பிடிச்சுப் பாக்கிறேன்."

"பேசாம இருந்தா வண்டி எப்படி நிக்கும்?" என்றார் வீரசிங்கம், நிஜமாகவே புரியாமல்.

அதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு செய்முறை விளக்கத்துக்கும் ஏற்பாடு செய்தார். ஓய்வு பெற்ற தோட்ட உத்தியோகத்தர் சங்கத்தார் வந்தார்கள். லயத்தின் கோடியில் அவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்கள். வாகனம் பிசகாமல் நாலாவது காம்பராவில் நிற்கும் என்று வீரசிங்கம் முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஏறினார்.

பீலியடி வந்தது. கதிரைகளைக் கண்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒத்திகை பார்த்த வசனத்துக்கு முன்னால், "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களின் மேலான சமூகத்தில்" என்று ஒரு முன்னுரையைச் சேர்த்தார். சேர்த்த முன்னுரையிலேயே மூச்சு முட்டி இருமல் பிடித்துக்கொண்டது. வசனம் நடுவழியில் நின்றது. வண்டி நிற்கவில்லை. நாலாவது வாசல் போனது. கோழிக்கூடு போனது. வீரசிங்கம் நெஞ்சைப் பிடித்து, உடம்பை மடக்கி இருமிக்கொண்டிருந்தார். கட்டளை முடியட்டும் என்று ஜீவராணி காத்திருந்தாள். எதிரே, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த தலைவரின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த முகத்தில் மீசை முடிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியபோது அவள் விதியை விட்டாள். கிளச்சை அமுக்கி, பிரேக்கில் காலை வைத்தாள்.

தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி வண்டி நின்றது. குலுக்கல் இல்லை. எஞ்சின் அணையவில்லை. தலைவரின் கோப்பையில் தேத்தண்ணி அசையவில்லை, அவர்தான் அசைந்தார்.

இருமல் அடங்கிய வீரசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"வசனம் முடியல. யாரக் கேட்டு நிப்பாட்டின?"

"நிப்பாட்டலைன்னா தலைவரு செத்திருப்பாருங்க."

"இப்ப விதி செத்துப் போச்சு."

சங்கத்தார் கைதட்டுவதா எழுந்து போவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். அன்று எத்தனை காம்பரா என்று ஜெயலெட்சுமியாலும் சொல்ல முடியவில்லை. லயம் முடிந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பதுளையில், பரீட்சை நடக்கும் மைதானத்துக்கு வீரசிங்கம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். பரீட்சகர் மெலிந்த மனிதர், வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்பது போல இருந்தார். தாம் உள்ளே இருந்து கட்டளை கொடுப்பதன் அவசியத்தை வீரசிங்கம் அவருக்கு விளக்கத் தொடங்கினார். பரீட்சகர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு இடது ஆசனத்தில் ஏறி, மடியில் பலகையை வைத்து எழுத வசதியாக இரண்டு காலையும் பின்னுக்கு மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜீவராணி வண்டியைக் கிளப்பினாள். பக்கத்தில் வசனம் இல்லாமல் ஓட்டுவது, ரேடியோவை நிறுத்திய வீடு மாதிரி இருந்தது. யசோதினியின் ஸ்கூட்டி ஒருமுறை மனதுக்குள் ஓடி மறைந்தது. பரீட்சகர் ஒரு விரலைத் தூக்கினார். அவள் காலை வைத்தாள். வண்டி நின்றது. மறுபடி விரல், மறுபடி நின்றது. மேட்டில் நின்றது, இறக்கத்தில் நின்றது, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. தன் கால் தனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வேலியோரம் வீரசிங்கம் தம் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தார். கார் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் முணுமுணுத்து, வசனத்தை முடித்து, தரையில் ஓங்கி மிதித்தார். புழுதி எழும்பியது. ஒவ்வொரு தடவையும் அவர் மிதித்தபோது கார் ஏற்கெனவே நின்று, விஷயம் முடிந்து, மறுபடி புறப்பட்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, சொல் போய்ச் சேரச் சுணங்குகிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பரீட்சகர் இறங்கினார். பாஸ் என்றார். அதோடு போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவருக்கே மனம் நிறைந்திருக்க வேண்டும்.

"பிரேக் பிடிக்கிறது பூப்போல இருக்கு. யாரு பழக்கினது?"

ஜீவராணிக்கு வாதாடத் தெம்பில்லை, சந்தோஷம் வேறு. கையை நீட்டி வேலிப் பக்கம் காட்டினாள். அந்தக் கை இறங்குவதற்குள் வீரசிங்கம் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு வாகனம் நிற்கும் தூரமானது சாரதியின் காலில் அல்ல, அவரை வழிநடத்துபவரின் சொல்லிலேயே தங்கியுள்ளது என்றும், அதனைத் தாம் பல்வேறு பரிசோதனைகளின் மூலம் ஐயந்திரிபற நிறுவியுள்ளார் என்றும், அன்றியும் என்றும், மேலும் என்றும் போய்க்கொண்டிருந்தார். பரீட்சகர் போக வழி தெரியாமல் நின்றார்.

தம் பேத்தியைப் பரீட்சைக்குக் கூட்டி வந்திருந்த ஜுனைதீன் முதலாளி, தாம் விற்ற காரைக் கண்டுவிட்டுப் பழைய பாசத்தோடு கிட்ட வந்தார். கூரையைத் தட்டிப் பார்த்தார். இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். அங்கே எதையோ கண்டு திகைத்து, தும்பு விரிப்பை உருவி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில், ஒரு சப்பாத்து அகலத்துக்கு, அது ஓட்டையாகியிருந்தது.

வீரசிங்கம் வசனத்தின் முடிவுக்கு வந்து, வலது காலை உயர்த்தியிருந்தார்.

"தங்கச்சி, மன்னிச்சிக்கோங்க, என்ட தம்பி லேர்னர்ஸ் நடத்தின காலத்துல, பழக்கிறவர் மிதிச்சு வண்டிய நிப்பாட்டுறதுக்குன்னு இந்தப் பக்கமும் ஒரு பிரேக் பூட்டினான், அதக் கழட்ட மறந்து வித்துட்டேன்," என்றார் ஜுனைதீன் முதலாளி, ஓட்டை வழியாக ஜீவராணியைப் பார்த்து, "ஆனா, அதுக்கு மேல கெடந்த விரிப்பு இப்படிப் பொத்துப் போற அளவுக்கு, இத்தன நாளும் ஒங்க வண்டிய நிப்பாட்டிக்கிட்டு இருந்தது யாரு?"